பிரஸ் இல்லாத வீட்டுலேந்து பிரிண்ட்மேக்கிங், ஃபோட்டோகிராஃபி ரெசிடென்சிக்கு அப்ளை பண்றது எப்படி

போன மாசம் ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷன்ல அரக்கோணம் வண்டிக்காக உக்காந்திருந்தேன். எங்க தெருவுல ரெண்டு வீடு தள்ளி இருக்கற பொண்ணு பக்கத்துல வந்து உக்காந்து, பையிலேந்து ஒரு பேப்பர எடுத்து நீட்டுச்சு. லினோன்னு ரப்பர் மாதிரி ஒரு விரிப்பு, அத வெட்டி, மை தடவி, பேப்பர்ல எடுத்த பிரிண்ட். பவர்லூம் ஷெட்டு, தறியில குறுக்க ஊடை நூல இழுத்துக்கிட்டு ஓடற நாடா பாயற இடம் மட்டும் வெள்ளை, மீதி மொத்தமும் கருப்பு. சாம்பார் கரண்டியோட பின்பக்கத்த வச்சு தேய்ச்சு எடுத்திருக்கு, ஓரத்துல மை சரியா ஒட்டல, ஆனா அந்த வெள்ளைக் கோட்ட பாத்தா நாடா சத்தம் காதுல கேக்குது. "அக்கா, ரெசிடென்சின்னு சொல்றாங்களே, அது ஹாஸ்டலா, கோர்ஸா, வேலையா?"ன்னு கேட்டுச்சு. வண்டி வர்றதுக்குள்ள பாதிதான் சொல்ல முடிஞ்சுது. மீதியையும் சேத்து இங்க எழுதறேன், ஏன்னா ஆந்திர எல்லையில நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கம் இருக்கற நம்ம பசங்க நெறைய பேருக்கு இதே கேள்விதான், இத தமிழ்ல உக்காந்து சொல்லித் தர ஆள் இல்ல.

ரெசிடென்சின்னா இவ்வளவுதான்: ஒரு ஸ்டுடியோ உங்கள கூப்பிட்டு, ரெண்டு வாரமோ ஒரு மாசமோ மூணு மாசமோ தங்க இடம் குடுத்து, அங்க இருக்கற மெஷினையும் டார்க்ரூமையும் (ஃபோட்டோ கழுவற இருட்டு ரூம்) தொறந்து விட்டு, "உன் வேலைய நீ செய்"ன்னு சொல்றது. பரீட்சை கிடையாது, சர்ட்டிஃபிகேட்டுக்காக போற இடமும் இல்ல. ஓவியம்னா பேப்பரும் கலரும் இருந்தா வீட்டுத் திண்ணையிலயே செஞ்சிடலாம், பிரிண்ட்மேக்கிங் அப்படி இல்ல. தகட்ட ஆசிட்ல அரிச்சு எடுக்கற எட்சிங்குக்கு இரும்பு பிரஸ், அதாவது தகட்டையும் பேப்பரையும் சேத்து அழுத்தற மெஷின் வேணும், ஆசிட் வைக்க காத்தோட்டமான தனி ரூம் வேணும், கல்லு மேல வரைஞ்சு எடுக்கற லித்தோவுக்கு கல்லு வேணும். நல்ல பெரிய பிரஸ் ஒண்ணு லட்சக்கணக்குல ஆவும். ஃபோட்டோகிராஃபியும் அதே கதைதான், ஃபோன்ல எடுத்துடலாம், ஆனா பெருசா நல்ல பேப்பர்ல பிரிண்ட் போட்டு சுவத்துல மாட்டிப் பாக்க காசு வேணும். ஒரே ரூம்ல அஞ்சு பேர் படுக்கற வீட்டுல டார்க்ரூம எங்க வைக்கறது? நமக்கு குறையறது தெறமை இல்ல, மெஷினும் நேரமும்தான். அந்த ரெண்டையும் கேக்கறதுக்குத்தான் அப்ளிகேஷன், இத மனசுல வச்சுக்கிட்டு மீதிய படிங்க.

இத ஏன் அழுத்திச் சொல்றேன்னா, "ஒதுக்கப்பட்ட சமூகத்துக்கு முன்னுரிமை"ன்னு ஒரு அறிவிப்புல பாத்த ஒடனே நம்ம ஆளுங்க பாதி பேர் இது தருமம்னு நெனச்சு ஒதுங்கிடறாங்க, மீதி பேர் கஷ்டத்த மட்டும் எழுதி அனுப்பிடறாங்க. ரெண்டும் வேணாம். இந்த மாதிரி ஸ்டுடியோங்கள்ல பல, வெளிய நிறுத்தப்பட்டவங்களே ஆரம்பிச்சதுதான். நியூயார்க்ல ராபர்ட் பிளாக்பர்ன்னு ஒரு கறுப்பின லித்தோ கலைஞர் 1940கள் கடைசியில தன்னோட பிரஸ்ஸ எல்லாருக்கும் தொறந்து விட்டார், அவர் பேர்ல அந்த ஸ்டுடியோ இன்னைக்கும் ஓடுது. ஃபிலடெல்ஃபியாவுல ஆலன் எட்மண்ட்ஸ்ங்கற கறுப்பினக் கலைஞர் 1972ல பிராண்டிவைன் ஒர்க்‌ஷாப்ப தொடங்கினார். அமெரிக்காவோட ஒரிகன் மாநிலத்துல பூர்வகுடி மக்களோட உமட்டில்லா ரிசர்வேஷன்லயே (அவங்களுக்குன்னு ஒதுக்கின நிலம்) 1992ல க்ரோஸ் ஷேடோன்னு ஒரு பிரிண்ட் ஸ்டுடியோ வந்துச்சு, ஜேம்ஸ் லாவடூர்ன்னு அந்த மண்ணு ஓவியர் முன்னாடி நின்னு ஆரம்பிச்சது. பொம்பளைங்களுக்காக பொம்பளைங்களே 1974ல நியூயார்க் மாநிலத்துல ஆரம்பிச்சது விமன்ஸ் ஸ்டுடியோ ஒர்க்‌ஷாப், அங்க பிரிண்ட், கைக்காகிதம், புத்தகம் கட்டறதுன்னு எல்லாம் ஒரே கூரையில நடக்குது. இவங்க யாரும் இரக்கப்பட்டு கதவு தொறக்கல, தங்களுக்கு மூடியிருந்த கதவுக்கு பதிலா வேற கதவு வச்சாங்க. அதுல நீங்க தலைய நிமித்திக்கிட்டு போங்க.

நம்ம மாவட்டத்துக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு, அது நம்ம ஸ்கூல்ல யாரும் சொல்லித் தரல. சித்தூர் பக்கத்துல நந்தனூர்னு ஒரு கிராமம், அங்க 1925ல பொறந்தவர் கிருஷ்ணா ரெட்டி. சாந்திநிகேதன்ல படிச்சு, பாரிஸ்ல ஹேய்ட்டர்ங்கற பிரிண்ட் கலைஞர் நடத்தின அட்டெலியர் 17 ஸ்டுடியோவுக்குப் போய், ஒரே தகட்டுல பல கலர ஒரே தடவையில எடுக்கற விஸ்காசிட்டி பிரிண்டிங் முறைய வளத்தெடுத்ததுல முக்கியமான ஆள். தகட்ட ஆழம் ஆழமா பல மட்டத்துல செதுக்கி அரிச்சிடுவாங்க. அப்பறம் ஒரு மையில எண்ணெய் கம்மி, இன்னொன்னுல எண்ணெய் ஜாஸ்தி. கெட்டி ரோலர் மேல் மட்டத்த மட்டும் தொடும், மெத்துன்னு இருக்கற ரோலர் அழுத்தினா பள்ளத்துக்குள்ள எறங்கும். எண்ணெய் வித்தியாசத்தால ஒரு மை இன்னொன்ன ஏத்துக்காம தள்ளிடும், அதனால கலருங்க கலங்காம பக்கத்துல பக்கத்துல நிக்கும். சாயம் போடற வீட்டுல வளந்தவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். 1972ல பத்மஸ்ரீ வாங்கினார், 2018ல நியூயார்க்ல காலமானார். கலிஃபோர்னியாவுல பெர்க்லின்னு ஒரு ஊர், அங்க இருக்கற காலா ஆர்ட் இன்ஸ்டிட்யூட்ட 1974ல ஆரம்பிச்ச ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் சந்திச்சதே அதே அட்டெலியர் 17லதான். பிரிண்ட், ஃபோட்டோ, டிஜிட்டல் மூணுக்கும் அங்க ரெசிடென்சி இருக்கு.

சரி, எங்கெங்க கேக்கலாம். மொதல்ல பக்கத்துல இருக்கறது. சென்னை கிரீம்ஸ் ரோட்டுல லலித் கலா அகாடமியோட மண்டல மையம் இருக்கு, உள்ள கிராஃபிக்ஸ் ஸ்டுடியோ இருக்கு. நேர்ல போய் வேலைய காட்டி, ஸ்டுடியோவுல இடம் கெடைக்க என்ன வழின்னு கேளுங்க, ஃபோன்ல கேக்காதீங்க. நம்ம ஊர்லேந்து காலைல வண்டி ஏறினா சாயங்காலம் வீடு திரும்பிடலாம், தங்கற செலவு இல்லாம பிரஸ்ல கை பழகறதுக்கு இதவிட கிட்ட வேற எதுவும் இல்ல. பரோடாவுல சாப்னு பிரிண்ட்மேக்கிங்குக்குன்னே ஒரு அறக்கட்டளை 1999லேந்து நடக்குது. டெல்லியில கோஜ்னு ஒரு கலை அமைப்பு, 1997ல ஆரம்பிச்சது, இளம் கலைஞர்களுக்குன்னு பியர்ஸ்ன்னு ஒரு ரெசிடென்சி வச்சிருக்காங்க. பெங்களூர்ல 1 சாந்திரோடுன்னு கலைஞர்களுக்கான ஒரு இடம் இருக்கு. கொச்சியில பியென்னாலே (ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவன்னு நடத்தற கலை விழா) அறக்கட்டளையோட பெப்பர் ஹவுஸ் ரெசிடென்சி, கூடவே ஃபைன் ஆர்ட்ஸ் காலேஜ் பசங்களுக்கு ஸ்டூடண்ட்ஸ் பியென்னாலே. ஃபோட்டோவுக்கு சென்னை ஃபோட்டோ பியென்னாலே 2016லேந்து நடக்குது, அவங்க நடத்தற வகுப்பு, பயிற்சி அறிவிப்புங்கள கவனிச்சுக்கிட்டே இருங்க. வெளிநாட்டுல ஃபோட்டோவுக்குன்னு பாத்தா அமெரிக்காவுல சைரக்யூஸ்ங்கற ஊர்ல லைட் ஒர்க், 1973லேந்து இருக்கு, ஒரு மாசம் வீடும் டார்க்ரூமும் உதவித்தொகையும் குடுத்து தங்க வைக்கறாங்க, எந்த நாட்டுக்காரரும் கேக்கலாம்.

ரெசிடென்சி இல்லாம பணம் மட்டும் தர்ற வழியும் இருக்கு, அதையும் விடாதீங்க. மத்திய கலாசார அமைச்சகத்தோட ஜூனியர் ஃபெலோஷிப் 25லேந்து 40 வயசுக்குள்ள இருக்கறவங்களுக்கு, மாசம் 10,000 ரூபா, ரெண்டு வருஷம். பெங்களூர்ல இருக்கற இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் குடுக்கற மானியத்துக்கு எந்த இந்திய மொழியில வேணும்னாலும் எழுதி அனுப்பலாம், தமிழ்லயே எழுதலாம். இத படிச்சுட்டு சந்தோஷப்பட்டு விட்டுடாதீங்க, நெசமாவே தமிழ்ல எழுதுங்க. ஆந்திராவுல இருந்துக்கிட்டு, வீட்டுல தமிழ், ஆபீஸ்ல தெலுங்கு, ஃபாரம்ல இங்கிலீஷ்னு மூணு மொழிக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நம்ம பேச்ச நாமளே சுருக்கிக்கறோம். தமிழ்ல எழுதினா நீங்க எழுதறதுல உங்க கை தெரியும்.

இப்ப வேலைய தயார் பண்றது. ரெசிடென்சிக்கு அப்ளை பண்ண பிரஸ் வேணும்னு அவசியம் இல்ல, பிரஸ் இல்லாம என்ன செஞ்சீங்கன்னு காட்டினாலே போதும். லினோ வாங்கி, ரெண்டு மூணு உளி வாங்கி, அந்த தங்கச்சி பண்ண மாதிரி கரண்டியால தேய்ச்சு எடுங்க. லினோவ வெட்டறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் வெயில்ல வையுங்க, மெத்துன்னு ஆவும், உளி வழுக்காது. உளிக்கு முன்னாடி இன்னொரு கைய வைக்கவே வைக்காதீங்க, எப்பவும் பின்னாடி. எழுத்து போட்டீங்கன்னா திருப்பிப் போடணும், கண்ணாடியில பாத்து சரி பண்ணிக்குங்க. ஒரே பிளாக்லேந்து பத்து பிரிண்ட் எடுத்தா ஒவ்வொண்ணுலயும் கீழ பென்சில்ல எடது பக்கம் 1/10, 2/10ன்னு நம்பர், நடுவுல படத்தோட பேரு, வலது பக்கம் கையெழுத்தும் வருஷமும். அந்த பத்துக்கு வெளிய உங்களுக்குன்னு வச்சுக்கற காப்பியில ஏபின்னு (ஆர்ட்டிஸ்ட்ஸ் ப்ரூஃப்) போட்டு வையுங்க. பேனாவுல போடக்கூடாது. இத சரியா போட்டிருந்தாலே பாக்கறவங்களுக்கு இவங்களுக்கு வேலை தெரியும்னு புரிஞ்சிடும்.

ஃபோட்டோவும் பிரிண்ட்டும் சேர்ற இடம் வேணும்னா சயனோடைப் பண்ணுங்க, நம்ம வெயிலுக்குன்னே பொறந்தது அது. ஜான் ஹெர்ஷல்னு விஞ்ஞானி 1842ல கண்டுபிடிச்சது. ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம 100 மில்லி தண்ணியில ஒரு பாட்டில்ல, பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராம 100 மில்லி தண்ணியில இன்னொரு பாட்டில்ல கரைச்சு, வெளிச்சம் படாம தனித்தனியா வையுங்க. வேணுங்கறப்ப ரெண்டையும் சம அளவு கலந்து, ஜன்னல மூடின ரூம்ல மங்கலான மஞ்சள் பல்பு வெளிச்சத்துல கெட்டி பருத்திப் பேப்பர்ல பிரஷ்ஷால தடவி, காய விடுங்க. கையில கிளவுஸ் போடுங்க, சமையல் பாத்திரத்த இதுக்கு எடுக்காதீங்க, சின்னப் பசங்க கைக்கு எட்டாம வையுங்க. ஃபோன்ல எடுத்த படத்த கருப்பு வெள்ளை ஆக்கி, நெகட்டிவா மாத்தி, ஜெராக்ஸ் கடையில ஓஎச்பி ஷீட்ல (கண்ணாடி மாதிரி தெரியற பிளாஸ்டிக் தாள்) பிரிண்ட் போட்டு, அத பேப்பர் மேல வச்சு, மேல கண்ணாடி வச்சு, மொட்டை மாடியில வெயில்ல வையுங்க. சித்திரை வெயிலுக்கு அஞ்சு நிமிஷம்கூட போதும், மார்கழியில இருபது ஆவலாம். முதல்ல மஞ்சப் பச்சையா இருக்கறது மெல்ல மெல்ல சாம்பல் நெறத்துக்கு வரும், அப்ப எடுத்து தண்ணியில அலசுங்க. அலசற நேரத்துல ஒரு பத்து வினாடி ஒண்ணும் தெரியாது, எல்லாம் போச்சுன்னு தோணும், அப்பறம் நீலம் அப்படியே எழும்பி வரும். பக்கெட்டுல அந்த நீலம் எழும்பறத மொத தடவ பாத்துட்டு எங்கம்மா முந்தானையால கைய தொடச்சிக்கிட்டே நின்னுட்டாங்க, அது அவங்க தறியில உக்காந்திருக்கற படம். சாயத்துல மொக்கின துணி மாதிரி இருக்குதுன்னாங்க. நான் மொத மொத அனுப்பின அப்ளிகேஷன்ல இருந்தது அந்த வரிசைதான், பன்னெண்டு படம், மொத்த செலவும் ரெண்டாயிரத்துக்குள்ள.

வேலை ரெடி ஆனதும் அத படம் பிடிக்கணும், இங்கதான் நம்ம ஆளுங்க நெறைய பேர் தோக்கறாங்க. வேலை நல்லா இருக்கும், படம் கோணலா, மஞ்சளா, ஓரத்துல கால் வெரலோட இருக்கும். காலை எட்டு மணிக்கு, நேர் வெயில் படாத வாசல் நெழல்ல, பிரிண்ட்ட வெள்ளைச் சுவத்துல நாலு மூலையிலயும் தட்டையா ஒட்டி, ஃபோன் கேமராவுல கட்டம் ஆன் பண்ணி, பிரிண்ட்டோட நடுவுக்கு நேரா ஃபோன புடிச்சு, கொஞ்சம் தள்ளி நின்னு எடுங்க. ரொம்ப கிட்ட போனா ஓரம் வளையும். ஃபிளாஷ் வேணாம், கண்ணாடி ஃபிரேம்ல போட்டு எடுக்க வேணாம், ஃபில்டர் வேணவே வேணாம். பேப்பரோட ஓரம் தெரியற மாதிரி ஒரு படம், மை எப்படி உக்காந்திருக்குன்னு கிட்டத்துலேந்து ஒரு படம். ஃபைலுக்கு பேரு வைக்கறப்ப நம்பர், உங்க பேரு, படத்தோட பேரு, இப்படி வரிசையா வையுங்க. வாட்சாப்ல உங்களுக்கே அனுப்பி அதுலேந்து எடுத்து போடாதீங்க, படம் சுருங்கிடும். படத்துக்கு கீழ பேரு, வருஷம், எதுல செஞ்சது, உயரம் அகலம் சென்டிமீட்டர்ல. பத்து கேட்டா பத்து அனுப்புங்க, பாஞ்சு இருக்குன்னு பாஞ்ச அனுப்பாதீங்க. வெவ்வேற சாமான் கண்காட்சி மாதிரி வேணாம், ஒரே விஷயத்த விடாம தொறத்தின வேலைங்களா இருக்கட்டும்.

அடுத்தது ஸ்டேட்மெண்ட், அதாவது நீங்க யாரு, என்ன செய்யறீங்க, இங்க வந்து என்ன செய்வீங்கன்னு முன்னூறு வார்த்தை. எனக்கு இதுல சொல்ல நெறைய இருக்கு. மொத வருஷம் நான் எழுதினது பூரா காலனி, கூலி, கடன், அப்பாவோட குடி, பஸ் ஸ்டாண்டுல கேட்ட பேச்சு. எல்லாம் உண்மை. ஆனா இன்டர்வியூவுல ஒருத்தர் அரை மணி நேரமும் அதப் பத்தியே கேட்டார், என் பிரிண்ட்டுங்கள பத்தி ஒரு கேள்வி கேக்கல, நான் வெளிய வந்து ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. கெடைக்கவும் இல்ல. அடுத்த வருஷம் நான் எழுதினது வேற: "எங்க ஊர் பவர்லூம்ல பாவு நூல் அறுந்தா முடிச்சு போடுவாங்க, அந்த முடிச்சு துணியில ஒரு சின்ன மேடா நிக்கும், கடைக்காரர் அத குறைன்னு சொல்லி கூலியில கழிப்பார். அந்த மேட்ட தகட்டுல ஆழமா அரிச்சு, பேப்பர்ல விரலால தடவினா தெரியற மாதிரி எட்சிங் எடுக்கணும். அதுக்கு எனக்கு பெரிய பிரஸ்ஸும் ஆறு வாரமும் வேணும்." இதுல சாதி இல்லையா, கூலி இல்லையா, எல்லாம் இருக்கு, ஆனா நான் எதுக்காக வரேன்னும் இருக்கு. பாருங்க, உங்க வாழ்க்கைய மறைக்கச் சொல்லல, சமூகத்த பேர் சொல்லியே எழுதுங்க, கூச்சமே வேணாம், ஆனா படிக்கறவர் உங்களுக்காக அழுதுட்டு எழுந்து போயிடக்கூடாது, இந்த ஆளு அந்த பிரஸ்ல என்ன எடுக்கப் போவுதுன்னு பாக்க ஆசப்படணும்.

சிவின்னு, அதாவது இதுவரைக்கும் செஞ்ச வேலைங்களோட பட்டியல், ஒரு பக்கம் கேப்பாங்க. கேலரியில கண்காட்சி வைக்கலையேன்னு காலியா விடாதீங்க. ஊர் நூலகத்துல படம் மாட்டினது, ஜாத்திரைக்கு பேனர் வரைஞ்சது, அம்பேத்கர் ஜெயந்திக்கு சுவர் ஓவியம் போட்டது, கல்யாண ஃபோட்டோகிராஃபருக்கு அசிஸ்டண்டா மூணு வருஷம் போனது, சாய ஷெட்டுல கலர் கலக்கினது, எல்லாம் வேலை அனுபவம்தான், வருஷத்தோட எழுதுங்க. பரிந்துரைக் கடுதாசி ரெண்டு கேட்டா, ஒருத்தர் உங்க வேலைய பாத்தவரா இருக்கணும், பதவி பெருசா இருக்கறது முக்கியம் இல்ல. மூணு வாரம் முன்னாடியே கேளுங்க, கூடவே உங்க படங்களையும் நீங்க எழுதினதையும் அனுப்பிடுங்க, அப்பதான் அவங்க பொதுவா நல்ல புள்ளன்னு எழுதாம வேலைய பத்தி எழுதுவாங்க.

பாக்கறதுக்கு பாடமா ஒருத்தர சொல்லணும்னா எம். பழனிகுமார சொல்லுவேன். மதுரைக்காரர், அம்மா மீன் விக்கறவங்க, கடன் வாங்கித்தான் கேமரா வாங்கினார். மலக்குழியில எறக்கப்படற தொழிலாளர்கள, கடல்பாசி எடுக்கற பொம்பளைங்கள வருஷக்கணக்கா கூடவே இருந்து எடுத்திருக்கார். பத்திரிகையாளர் சாய்நாத் ஆரம்பிச்ச பாரிங்கற கிராமத்துச் செய்தி இணையதளத்துல பழனிகுமார் படங்க தமிழ்லயே படிக்கக் கெடைக்குது. தயாநிதா சிங் பாரி ஆவணப் புகைப்பட விருது மொத தடவ 2022ல குடுத்தப்ப அவருக்குத்தான் குடுத்தாங்க. அவர் படத்துல இருக்கறவங்க யாரும் பாவமா நிக்கமாட்டாங்க, அத உக்காந்து கவனிச்சு பாருங்க. பிரிண்ட்டும் ஃபோட்டோவும் ரெண்டையும் ஒரே ஆளு செய்யலாமான்னு கேட்டா, பரோடாவுல ஜோதி பட் வாழ்நாள் முழுக்க ரெண்டையும் செஞ்சவர், ரெண்டுல ஒண்ண விட்டுடுன்னு யாராவது சொன்னா அவர நெனச்சுக்குங்க.

இப்ப காசு. இத நிதானமா படிங்க, ஏன்னா இதுல ஏமாந்தா வீடே ஏமாறும். ரெசிடென்சில மூணு வகை உண்டு: எல்லாச் செலவும் அவங்களே பாக்கறது, பாதி பாக்கறது, நீங்க காசு கட்டி தங்கறது. மூணாவது வகைக்கு நாம போக வேண்டியதே இல்ல. அறிவிப்புல உதவித்தொகைன்னு இருந்தா அதுல எதெது அடக்கம்னு மெயில் போட்டு கேளுங்க: போக வர டிக்கெட், தங்கறது, சாப்பாடு, பேப்பர் தகடு மை, அங்க லோக்கல் பஸ் செலவு. எல்லாத்துக்கும் மேல, முன்பணமா தருவாங்களா, செலவு பண்ணிட்டு பில் குடுத்தா அப்பறம் தருவாங்களா? இந்த ஒரு கேள்வி எனக்கு தெரியாம, ஒரு இடத்துக்கு வட்டிக்கு வாங்கி டிக்கெட் போட்டேன், அவங்க பணத்த திருப்பித் தர நாலு மாசம் ஆச்சு, அந்த நாலு மாசம் வட்டி கட்டினது எங்கப்பா நெஞ்ச துணிக்கு மீட்டர் கணக்குல வாங்கின கூலி. அதனால தயங்காம இப்படி எழுதுங்க: "என் குடும்பம் தினக்கூலியில இருக்குது, பயணச் செலவ முன்கூட்டியே போட எங்களால முடியாது, டிக்கெட்ட நீங்களே எடுத்துத் தர முடியுமா, இல்லன்னா முன்பணம் தர முடியுமா?" கேட்டதால யாரும் எடத்த பிடுங்கிட மாட்டாங்க, அப்படி பிடுங்கற இடத்துக்கு போகாம இருக்கறதே நல்லது. அப்ளிகேஷன் கட்டணம் டாலர்ல கேட்டா, கட்டண விலக்கு உண்டான்னு கடைசி தேதிக்கு ரெண்டு வாரம் முன்னாடி கேட்டுப் பாருங்க, நெறைய இடத்துல குடுக்கறாங்க, அறிவிப்புல பெருசா போட்டிருக்க மாட்டாங்க அவ்வளவுதான். செலக்ட் ஆயிட்டீங்க, எடத்த உறுதி பண்ண இன்னைக்கே பணம் கட்டுங்கன்னு மெயில் வந்தா கட்டாதீங்க, அந்த எடத்துல முன்னாடி தங்கின ஒரு கலைஞர தேடிப் புடிச்சு கேளுங்க.

நீங்க இல்லாத மாசம் வீட்டு வருமானம் எவ்வளவு குறையும்னு கணக்கு போடுங்க, அத பட்ஜெட்டுல எழுதவும் எழுதுங்க, எழுத எடம் இல்லன்னா மெயில்ல சொல்லுங்க. தறிய விட்டு போற ஒரு மாசத்துக்கு கூலி கெடையாது, ஆடிக் கிருத்திகைக்கு முன்னாடி ஆர்டர் நெருக்கற நேரம்னா வீட்டுல சண்டையே வரும். தேதிய மாத்திக் கேக்கலாம், தப்பில்ல. பொண்ணுங்களுக்கு இன்னும் நாலு கேள்வி: ரூமுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கா, பாத்ரூம் தனியா, ஸ்டுடியோலேந்து ரூமுக்கு ராத்திரி எப்படி வரணும், ஏதாவது பிரச்சனைன்னா யார்கிட்ட சொல்லணும். கைக்குழந்தை இருந்தா கூட்டிட்டு வரலாமான்னும் கேளுங்க. வீட்டுப் பெரியவங்க கேக்கறதுக்கு முன்னாடி பதில் உங்க கையில இருந்தா பாதி சண்டை தீந்துடும்.

பேப்பர் விஷயம் நம்ம எல்லைக்காரங்களுக்குன்னே ஒரு தலைவலி. ஆதார்ல பேரு தெலுங்கு எழுத்துலேந்து இங்கிலீஷுக்கு போனது ஒரு ஸ்பெல்லிங், தமிழ் மீடியம் டிசில வேற ஸ்பெல்லிங், பேங்க் பாஸ்புக்குல இனிஷியல் முன்னாடி, வேற ஒண்ணுல பின்னாடி. பாஸ்போர்ட்ல இனிஷியல விரிச்சு அப்பா பேர முழுசா போடணும். செலக்ட் ஆனப்பறம் இத திருத்த ஓடினா விசாவுக்கு நேரம் பத்தாது, அதனால இப்பவே எல்லாத்தையும் ஒரே பேருக்கு கொண்டு வாங்க. பாஸ்போர்ட்டுக்கு சாதாரணமா 1500 ரூபா கட்டணம், ரெசிடென்சி கெடைக்கலன்னாலும் எடுத்து வையுங்க. சாதிச் சான்றிதழ் கேட்டா ஆந்திராவுல குடுத்தது ஆந்திரா பட்டியல்படி இருக்கும், 1960ல திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனப்ப கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னுட்ட குடும்பங்க நாம, அக்கா தமிழ்நாட்டு சான்றிதழ், தம்பி ஆந்திரா சான்றிதழ்னு ஒரே வீட்டுல ரெண்டும் இருக்கும். எந்த மாநில சான்றிதழ் செல்லும்னு அப்ளிகேஷன்ல கேட்டிருக்கறத பாத்து போடுங்க, கேக்காதவங்களுக்கு தூக்கி அனுப்ப வேண்டாம்.

கெடைச்சு போயிட்டீங்கன்னா, மொத நாளே அங்க இருக்கற டெக்னீஷியன்கிட்ட போங்க, அவர்தான் அந்த ஸ்டுடியோவுக்கு உயிர். எட்சிங் பழகலன்னா பழகலன்னே சொல்லுங்க. துத்தநாகத் தகட்டுக்கு நைட்ரிக் ஆசிட், செம்புத் தகட்டுக்கு ஃபெரிக் குளோரைடு, மாத்தி வச்சா ஆபத்து. ஆசிட்ட எப்பவும் தண்ணியில ஊத்தணும், தண்ணிய ஆசிட்ல ஊத்தக்கூடாது. எட்சிங்லயே சாயல் கொண்டு வர்ற அக்வாடின்ட்ங்கற முறைக்கு தூவற ரெசின் (பிசின்) தூசு நெஞ்சுக்கு ஆகாது, மாஸ்க் இல்லாம அந்த ரூமுக்குள்ள போகாதீங்க, பஞ்சு தூசியில நம்ம ஊர்ல எத்தன பேர் நெஞ்சு போச்சுன்னு நமக்கே தெரியும். நீங்க எடுக்கற பிரிண்ட்ல ஒண்ணு ரெண்டு காப்பிய பல இடத்துல சேகரிப்புக்கு வச்சுக்குவாங்க, அது சகஜம்தான், ஆனா எத்தன காப்பின்னு கையெழுத்து போடறதுக்கு முன்னாடி படிங்க. காப்பிரைட் உங்களதுதான், அத எழுதிக் கேக்கற பேப்பர் எதுலயும் கையெழுத்து போடாதீங்க.

ஃபோட்டோ எடுக்கறவங்களுக்கு ஒண்ணு. நம்ம தெரு ஆளுங்க படத்த தூரத்து ஊர்ல மாட்டறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட பிரிண்ட் போட்டு காட்டுங்க. நம்ம சித்திதானே, பெரியம்மாதானேன்னு விட்டுடாதீங்க, சொந்தக்காரங்ககிட்டதான் இன்னும் ஜாக்கிரதையா கேக்கணும், ஏன்னா அவங்க நம்மகிட்ட வேணாம்னு சொல்ல மாட்டாங்க. நான் எடுத்த ஒரு படத்துல எங்க பெரியம்மா கிழிஞ்ச ரவிக்கையோட பாவு பூட்டிக்கிட்டு இருந்தாங்க. வெளிச்சம் அப்படி அமைஞ்சிருந்தது, நான் எடுத்ததுலயே சிறந்த படம்னு நெனச்சேன். காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துட்டு "நல்லாத்தான் இருக்குது, வேற பொடவ கட்டிக்கினு வரட்டுமா?"ன்னு கேட்டாங்க. அந்த படத்த நான் எங்கயும் அனுப்பல. அவங்க பச்ச பொடவையில வந்து நின்ன படம்தான் போச்சு.

அனுப்பறப்ப தேதிய கவனிங்க. அமெரிக்கா ராத்திரி 11:59ன்னு போட்டிருந்தா நியூயார்க் நேரப்படி நமக்கு அது மறுநாள் காலை, கோடையில 9:29, குளிர்காலத்துல 10:29. ஆனா கடைசி ராத்திரிக்கு வைக்காதீங்க, கரண்ட்டும் சிக்னலும் ஒண்ணா போற ஊர் நம்மளது, மூணு நாள் முன்னாடியே பிரவுசிங் சென்டர்ல உக்காந்து முடிச்சுட்டு, அனுப்பினதுக்கு வந்த மெயில ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்க. எழுதினதெல்லாம் தனியா ஒரு ஃபைல்ல இருக்கட்டும், அடுத்த அப்ளிகேஷனுக்கு அதுலேந்துதான் திருத்தி எழுதப் போறீங்க. இல்லன்னு பதில் வந்தா நன்றி சொல்லி, என் வேலைய பத்தி ஏதாவது சொல்ல முடியுமான்னு ஒரு வரி கேளுங்க, பத்துல ரெண்டு பேர் பதில் போடுவாங்க, அந்த ரெண்டு பதில் போதும். எனக்கு மூணாவது வருஷம்தான் கெடைச்சுது. அந்த தங்கச்சியோட லினோ பிரிண்ட்ட நாளைக்கு காலைல எட்டு மணிக்கு எங்க வாசல்ல வச்சு படம் எடுக்கறதா சொல்லியிருக்கேன், ஓரத்துல மை ஒட்டாதத அப்படியே விட்டுடலாம்னு ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கோம்.